மேட்டுப்பாத்திக்கு எத்தனை லோடு மண்?

வீட்டுத்தோட்டம் போடும் ஆசையில் மூன்று லோடு மண்ணை இறக்கிவிட்டு, விதைக்கும் எருவுக்கும் கையில் காசில்லாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. அளவு நாடாவும் ஐந்து நிமிடக் கணக்கும் இருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சித்திரை, வைகாசியில் ஏரிகள் வற்றியதும் கிராமங்களில் மண் வண்டிகளின் ஓட்டம் கூடிவிடும். வீடு கட்டுபவர்கள் தரை உயர்த்த மண் அடிப்பார்கள். அதே வண்டியை நிறுத்தி, வீட்டுத்தோட்டத்துக்கும் மண் கேட்பவர்கள் உண்டு. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“பாத்தி போடணும்ண்ணே, ஒரு லோடு போதுமா?”

“ஒரு லோடு எந்த மூலைக்கும்மா? மூணா அடிச்சிடறேன். மிச்சமானா கிடக்கட்டும்.”

பாத்தியின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று வாங்குபவரும் சொல்வதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. மிச்சமான மண் வாசலில் குவிந்து கிடக்கும். முதல் மழையில் பாதி தெருவுக்கு ஓடும். மீதியில் கோரை முளைத்திருக்கும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒரு லோடு வாங்கி, பாத்தி பாதியில் நின்றுவிடும். அரை லோடு மண்ணுக்காக மறுபடி முழு வண்டி வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் விவசாயமும் விசைத்தறியும் சேர்ந்தே குடும்பத்தைத் தாங்குகின்றன. இங்கே வீட்டுத்தோட்டம் என்பது காய்கறிச் செலவைக் குறைக்கும் வழி. மண்ணுக்கே ஆயிரக்கணக்கில் செலவானால் அந்தப் பணத்தைக் கீரையிலும் கத்தரியிலும் திரும்ப எடுக்கப் பல பட்டங்கள் ஆகும். அதனால் மண் வாங்கும் முன் போடும் கணக்குதான் வீட்டுத்தோட்டத்தின் முதல் வேலை.

மேட்டுப்பாத்தி எதற்கு?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சமதரைப் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், மிளகாயும் தக்காளியும் வேரழுகிச் சாய்ந்துவிடும். மேட்டுப்பாத்தியில் உபரி நீர் வடிந்துவிடும். காலடி படாததால் மண் இறுகாது, வேர் ஆழமாக இறங்கும். குனிந்து வேலை செய்ய முடியாத பெரியவர்களுக்கும் வசதி.

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். சுவர் ஓரமாக ஒரு பக்கம் மட்டுமே நிற்க முடியும் என்றால் 2 அடி போதும். நீளம் இடத்தைப் பொறுத்தது. 10 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றி வரவும் கணக்குப் போடவும் எளிது.

உயரம்தான் மண் செலவைத் தீர்மானிக்கிறது. எல்லாப் பயிருக்கும் ஒரே உயரம் தேவையில்லை.

• கீரை, கொத்தமல்லி, வெந்தயம்: அரை அடி
• முள்ளங்கி, சின்ன வெங்காயம்: முக்கால் அடி
• கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை: ஒரு அடி
• சேனை, மரவள்ளி போன்ற கிழங்குகள்: ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி

பாத்தியின் அடியில் இருக்கும் தரையும் மண்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாத்தி அமைக்கும் முன் அந்தத் தரையைக் கடப்பாரையால் அரை அடி ஆழம் கிளறிவிட்டால் வேர் அதற்குள்ளும் இறங்கும். ஒரு அடி உயரப் பாத்தியில் பயிருக்குக் கிடைப்பது ஒன்றரை அடி மண். எனவே “உயரமாக இருந்தால் நல்லது” என்று இரண்டு அடிக்கு மண் நிரப்புவது தேவையற்ற செலவு.

லோடு என்பது அளவு அல்ல

மண்ணை அளக்க உறுதியான அளவு கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி கிடைக்கும். அங்குலத்தில் அளந்ததை 12-ஆல் வகுத்து அடியாக்கிக்கொள்ள வேண்டும். 9 அங்குலம் என்றால் 0.75 அடி, 4 அங்குலம் என்றால் 0.33 அடி.

மண், மணல், ஜல்லி வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி. லோடு என்பதற்கு இப்படி நிலையான அளவு கிடையாது. டிராக்டர் டிரெய்லர்களிலேயே பல அளவுகள் உண்டு. டிப்பர் லாரிகளில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

வண்டி வந்து நின்றதும் தொட்டியின் உள் அளவை நாடா பிடித்து அளந்துவிட வேண்டும். உள் நீளம் 10 அடி, உள் அகலம் 6 அடி, மண் நிற்கும் உயரம் 1 அடி 9 அங்குலம் என்றால் 10 × 6 × 1.75 = 105 கன அடி. அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். பலகையின் உயரத்தை அளக்காமல் மண் நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும். நடுவில் குவிந்து ஓரத்தில் தாழ்ந்திருந்தால் நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி எடுக்கலாம். விலை பேசும்போதே “யூனிட் என்ன விலை? அளந்துதான் இறக்குவோம்” என்று சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

எடை போட்டு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. காய்ந்த தோட்ட மண் ஒரு கன அடி சுமார் 35 முதல் 40 கிலோ இருக்கும். அதே மண் ஈரமாக இருந்தால் எடை கூடிவிடும். டன் கணக்கில் வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். நிரப்பும் வேலைக்குக் கன அடியே சரியான அளவு.

வீட்டில் இருக்கும் பொருள்களும் அளவைக்கு உதவும். 50 கிலோ சிமென்ட் மூட்டையின் கொள்ளளவு 1.25 கன அடி. காலிச் சாக்கை உதறிவிட்டு, சிமென்ட் இருந்த மட்டத்துக்கு மண் நிரப்பினால் அதே 1.25 கன அடி. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் மூன்று வாளி மண் ஏறத்தாழ 2 கன அடி.

ஒரு சென்ட் கொல்லை: இரண்டு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவர் தறி ஓட்டுகிறார். மனைவி இரண்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் பின்னால் 18 அடி அகலம், இருபத்து நான்கரை அடி நீளத்துக்கு இடம் இருக்கிறது. பரப்பு 441 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட். அதில் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஆறு பாத்திகள் போட வேண்டும். ஒரு வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. பாத்திகளுக்கு இடையிலும் சுற்றிலும் ஒன்றரை அடி நடைபாதை. உயரம் ஒரு அடி.

முதல் கணக்கு, பலரும் போடுவது. ஒரு பாத்திக்கு 10 × 4 × 1 = 40 கன அடி. ஆறு பாத்திக்கு 240 கன அடி. வண்டியில் வரும் மண் உதிரியாக இருக்கும், தண்ணீர் விட்டதும் அமுங்கும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 288 கன அடி. ஏறத்தாழ மூன்று டிராக்டர் லோடு. மண்காரர் சொன்ன மூன்று லோடு பொய்யில்லை. ஆனால் அத்தனையையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு நடைபாதையில் தொடங்குகிறது. மொத்த இடம் 441 சதுர அடி, பாத்திகள் 240 சதுர அடி, மீதி 201 சதுர அடி நடைபாதை. அங்கே செடி வளரப்போவதில்லை. ஆனால் அதன் மேல்மண் இத்தனை வருடம் சருகும் சாணமும் விழுந்து பக்குவப்பட்ட மண். அதை 4 அங்குல ஆழம் வெட்டிப் பாத்தியில் போட்டால் இரண்டு லாபம்.

முதல் லாபம், மண். 201 × 0.33 = சுமார் 67 கன அடி. வெட்டிய மண் உதிர்ந்து ஐந்தில் ஒரு பங்கு பெருகும் என்பதால் 80 கன அடி கைக்கு வரும்.

இரண்டாவது லாபம், உயரம். நடைபாதை 4 அங்குலம் தாழ்ந்துவிட்டதால், பாத்தியைப் பழைய தரையிலிருந்து 8 அங்குலம் உயர்த்தினாலே நடைபாதையிலிருந்து பார்க்கும்போது ஒரு அடி உயரம் கிடைத்துவிடும். எனவே நிரப்ப வேண்டியது 240 × 0.67, அதாவது 160 கன அடிதான். அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 192 கன அடி.

அந்த 192 கன அடியும் மண்ணாக இருக்கக்கூடாது. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ கம்போஸ்ட்டோ சேர வேண்டும். மண் 128 கன அடி, எரு 64 கன அடி. மண்ணில் 80 கன அடி நடைபாதையிலிருந்து கிடைத்துவிட்டது.

• மொத்தம் நிரப்ப வேண்டியது: 192 கன அடி
• நடைபாதை மண்: 80 கன அடி
• மக்கிய எரு: 64 கன அடி
• வெளியிலிருந்து வேண்டிய மண்: 48 கன அடி

மூன்று லோடு என்று தொடங்கியது அரை லோடில் வந்து நிற்கிறது. சிமென்ட் சாக்கில் அள்ளினால் 38, 39 சாக்கு.

எரு 64 கன அடி என்பது ஏறத்தாழ ஒரு டன். மாடு இருக்கும் வீட்டில் குப்பைக்குழியிலேயே கிடைக்கும். மாடில்லாத வீட்டில் இதை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். அப்போது முதல் வருடம் இரண்டு பாத்தியோடு தொடங்கி, சருகையும் சமையலறைக் கழிவையும் மக்கவைத்து அடுத்தடுத்த பாத்திகளைப் போடலாம். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடோ சாண வாடையோ இருக்கக்கூடாது. பச்சைச் சாணம் போட்டால் வேர்ப்புழுவும் கரையானும் சேர்ந்து வரும்.

எங்கே இந்தக் கணக்கு பொருந்தாது?

நடைபாதையை வெட்டும் முன் ஓரிடத்தில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். 4 அங்குலத்துக்குள் சரளையோ, வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரையோ வந்தால் அந்த மண் பாத்திக்கு ஆகாது. கொல்லைப்புறம் தெருவைவிடத் தாழ்வாக இருந்து மழைநீர் வெளியேற வழியில்லை என்றால் நடைபாதையை மேலும் தாழ்த்தக்கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் முதல் கணக்கே சரி. 288 கன அடியில் எரு 96 போக, 192 கன அடி மண் வாங்க வேண்டிவரும். ஆறு பாத்திக்குப் பதில் மூன்று பாத்தியோடு தொடங்குவது நல்லது.

வெட்டலாம் என்ற இடத்திலும் நடைபாதைக்கு ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து, தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். வடிந்து வரும் நீரை ஒரு வாழை மரத்தடிக்குத் திருப்பிவிட்டால் வீணாகாது.

எந்த மண்ணை வாங்குவது?

அளவு சரியாக இருந்தும் மண் தவறாக இருந்தால் எல்லாம் வீண். வண்டியில் வருவதெல்லாம் பயிர் மண் அல்ல.

சவுடு மண் தரை உயர்த்துவதற்கானது. ஈரத்தில் சேறாகி, காய்ந்தால் இறுகிப்போகும். அதில் சத்தும் இருக்காது. கிராவல் சாலைக்கும் அடித்தளத்துக்கும் உரியது. அஸ்திவாரம், கிணறு தோண்டிய மண் பார்க்கப் புதிதாக, சுத்தமாக இருக்கும். ஆனால் அது அடிமண். மட்கும் நுண்ணுயிரும் இல்லாத மண்ணில் விதை முளைத்தாலும் செடி மஞ்சளடித்து நிற்கும். தொழிற்சாலை வளாகங்கள், பழைய பட்டறைகள், குப்பைமேடுகள் இருந்த இடங்களிலிருந்து வரும் மண்ணை உணவுப் பயிருக்கு வாங்கவே கூடாது. எண்ணெயும் சாம்பலும் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்.கே.பேட்டை பக்கத்தின் செம்மண்ணில் தண்ணீர் நன்றாக வடியும். ஆனால் ஈரம் நிற்காது. அதற்குச் சரியான துணை ஏரி வண்டல். வண்டலில் களியும் மட்கும் இருப்பதால் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். வண்டலை மட்டும் தனியாகப் போட்டால் மழையில் குழம்பி, வெயிலில் வெடித்துவிடும். இரண்டும் கலந்தால்தான் பயன்.

மேலே போட்ட கணக்கில் வெளியிலிருந்து வேண்டிய 48 கன அடியை வண்டலாகவே எடுத்துக்கொண்டால் கலவை எளிதாக அமைகிறது. ஐந்து சட்டி செம்மண், மூன்று சட்டி வண்டல், நான்கு சட்டி எரு. ஒரு பாத்திக்கு 32 கன அடிக் கலவை. வண்டலை நேராகப் பாத்தியில் கொட்டாமல், வெயிலில் காயவைத்து, கட்டிகளை உடைத்து, சலித்துக் கலக்க வேண்டும்.

ஏரி வண்டல் எடுக்க வழி

ஏரி, குளங்களில் படிந்த வண்டலை விவசாயிகளும் பொதுமக்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு அனுமதி தருகிறது. 2017-ல் வகுக்கப்பட்ட அளவுப்படி நஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். இந்தக் கணக்கில் ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர். அதாவது சுமார் 106 கன அடி, யூனிட் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. வீட்டு உபயோக அளவே 10 டிராக்டர் லோடு என்றால், அரை லோடு தேவைப்படும் வீட்டுத்தோட்டத்துக்கு அது தாராளம்.

முன்பு மாவட்ட நிர்வாகத்திடம் இருந்த அனுமதி அதிகாரம் 2024-ல் வட்டாட்சியருக்குத் தரப்பட்டது. இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஆர்.கே.பேட்டை தனி வட்டமாக இருப்பதால் இந்தப் பகுதி மக்கள் திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ அலைய வேண்டியதில்லை. எந்த ஏரியில் எடுக்க அனுமதி உள்ளது, எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. மண் இலவசம் என்றாலும் வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் எடுப்பவர் செலவு. எடுத்த மண்ணை விற்கக்கூடாது.

அனுமதி இல்லாமல் ஏரியில் அள்ளிய மண்ணை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் வம்புதான். நடைச்சீட்டு இல்லாத வண்டியைப் பிடித்தால் வண்டியும் மண்ணும் போய்விடும். கொடுத்த முன்பணமும் திரும்பாது. விலைக்கு வாங்கும்போது “சீட்டு இருக்கிறதா?” என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

இறக்கும் முன் நான்கு சோதனை

முழு வண்டிக்கும் சொல்லும் முன் ஒரு சாக்கு மண்ணை மாதிரியாக வாங்கிப் பார்ப்பது நல்லது.

பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். ஓரிரு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட எல்லாமே மணலாகவோ எல்லாமே களியாகவோ இருந்தால் தனியாகப் பாத்திக்கு ஆகாது.

எலுமிச்சைச் சோதனை. காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கக்கூடாது. பொங்கினால் சுண்ணாம்போ கட்டட இடிபாடோ கலந்திருக்கிறது.

முளைப்புச் சோதனை. தொட்டியில் அந்த மண்ணை நிரப்பி 10 தட்டைப்பயறு விதை ஊன்ற வேண்டும். பக்கத்தில் வீட்டு மண்ணில் இன்னொரு 10 விதை. பத்து, பன்னிரண்டு நாளில் இரண்டையும் ஒப்பிடலாம். வாங்கிய மண்ணில் முளைப்பு மிகக் குறைந்தாலோ, இலை சுருண்டு கருகினாலோ அந்த மண் வேண்டாம். உப்போ களைக்கொல்லி மிச்சமோ இருக்கலாம்.

கோரைச் சோதனை. மண்ணைச் சலித்துப் பார்த்தால் கருநிறத்தில் சிறு கிழங்குகள் கிடைக்கிறதா? அது கோரைக்கிழங்கு. ஒரு முறை பாத்திக்குள் நுழைந்துவிட்டால் வருடக்கணக்கில் பிடுங்கினாலும் தீராது. அருகம்புல் வேரும், பார்த்தீனியம் பூத்துக் கிடந்த இடத்து மண்ணும் அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் அரை கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் வழியாகவோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகியோ பரிசோதிக்கலாம். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழ் இருந்தால் காய்கறிக்கு ஏற்ற மண்.

நிரப்பிய பிறகு

கலவையை நிரப்பி, ஒரு வாரம் தினமும் தண்ணீர் தெளித்து அமுங்கவிட்ட பிறகே விதைக்க வேண்டும். கால் வைத்து மிதித்து அமுக்கக்கூடாது. முதல் மழைக்காலம் முடியும்போது பாத்தி இன்னும் சற்று இறங்கியிருக்கும். எரு மக்கிக் கரைவதால் இது இயல்பு. அதற்காக மறுபடி மண் வாங்க வேண்டாம். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு அங்குலம் மக்கிய எரு போட்டால் போதும். 40 சதுர அடிப் பாத்திக்கு அது சுமார் 3.3 கன அடி, சிமென்ட் சாக்கில் அள்ளினால் இரண்டரைச் சாக்குக்குச் சற்று மேல்.

மேட்டுப்பாத்தி கோடையில் சீக்கிரம் காயும். வேர்க்கடலைத் தொலி, கரும்புச் சோகை, வைக்கோல் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் தண்ணீர் மிச்சமாகும்.

வாசகர்களுக்கு எழும் சில சந்தேகங்கள்

பாத்தியைச் சுற்றி ஹாலோ பிளாக் வைத்தால் மண் குறையுமா?

குறையும். எப்போதும் உள் அளவையே எடுக்க வேண்டும். வெளி அளவு 10 × 4 அடி, பிளாக் கனம் 4 அங்குலம் என்றால் உள் அளவு 9.33 × 3.33 அடிதான். ஒரு அடி உயரத்துக்கு 40-க்குப் பதில் 31 கன அடி. வெளி அளவை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு பாத்திக்கும் 9 கன அடி அதிகமாக வாங்க நேரும்.

கிணற்று உறையில் செடி வைக்க எவ்வளவு மண்?

வட்டத்துக்கு 3.14 × ஆரம் × ஆரம் × உயரம். உள்விட்டம் 3 அடி என்றால் ஆரம் 1.5 அடி. ஒரு அடி உயர உறைக்கு 3.14 × 1.5 × 1.5 × 1 = 7 கன அடி. அமுங்குவதற்கும் சேர்த்து எட்டரை கன அடிக் கலவை வேண்டும்.

அடியில் வாழைத்தண்டு, மரக்கட்டை போட்டு மண்ணை மிச்சப்படுத்தலாமா?

ஒன்றரை அடிக்கு மேல் உயரமான பாத்தியில் மட்டும், அடிப்பகுதியில் போடலாம். வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சில மாதங்களில் வற்றிப் பாத்தி சட்டென்று இறங்கிவிடும். பச்சை மரக்கட்டை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு அடிப் பாத்திக்கு இவை வேண்டாம்.

இதே பாத்தியை மாடியில் போடலாமா?

கூடாது. ஒரு அடி உயரத்துக்கு நனைந்த மண் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை பாரம் ஏற்றும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடிக்குத் தென்னை நார்க் கழிவு கலந்த இலகுவான கலவையைப் பைகளில் நிரப்பி, சுவர், தூண் இருக்கும் ஓரங்களில் இடைவெளி விட்டு வைப்பதே பாதுகாப்பு.

கலவை மண் என்று தயாராக விற்பதை வாங்கலாமா?

மண் எவ்வளவு, எரு எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்பாக இருப்பதாலேயே அது எரு என்று நம்பிவிடக்கூடாது. நிலக்கரிச் சாம்பலும் கறுப்பாகத்தான் இருக்கும். மண்ணையும் எருவையும் தனித்தனியே வாங்கி வீட்டில் கலப்பது செலவிலும் தரத்திலும் மேல்.

ஆடிக்கு முன் முடிக்க வேண்டியவை

ஆடிப்பட்டத்தில் விதைக்க நினைப்பவர்கள் சித்திரையிலேயே இடத்தை அளந்து, முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டிவிட வேண்டும். ஏரியில் தண்ணீர் வரும் முன், வைகாசிக்குள் வண்டல் வந்து சேர்ந்தால் ஆனியில் காயவைத்துச் சலித்துக் கலக்க நேரம் இருக்கும்.

ஒரு டிராக்டர் லோடு 106 கன அடி. எடுத்துக்காட்டில் பார்த்த வீட்டுக்கு வேண்டியது 48. அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே அளவு கொல்லை இருந்தால், இருவரும் வண்டல் அனுமதிக்குத் தனித்தனியே விண்ணப்பித்துவிட்டு, டிராக்டர் வாடகையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு வீட்டுக்கும் போக மிஞ்சும் 10 கன அடி, நாற்று விடும் தொட்டிகளுக்கு ஆகும்.